கிரவுன் ஆசானுக்குத் தெரியாத ஆக்ஸில்

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன் இதே பத்தியில் ஒரு நல்ல மனிதர் தோற்றுப்போனதைப் பற்றி ஒன்றரைப் பக்கத்துக்குக் கிண்டலடித்து எழுதினேன். வாசகர்கள் சிரித்தார்கள். கடிதங்கள் வந்தன. அந்த வாரம் முழுக்க நான் நிலைக்கண்ணாடியில் என்னைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அவர் தோற்கவே இல்லை என்பதும், எனக்கு எழுத வருகிற அளவுக்குக் கேட்க வராது என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. அதைத் திருத்தி எழுத இப்போது அந்தக் குடும்பத்தாரிடமிருந்து அனுமதி கிடைத்திருக்கிறது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய பட்டப்பெயரை மட்டும் மாற்றவில்லை. அவருக்கு வேறு பெயர் உண்டு என்று நாங்கள் யாரும் நம்பியதில்லை.

கிரவுன் ஆசான். திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை வரை ஓடுகிற எந்த வண்டியையும் பின்பக்கத்தை வைத்தே இன்னாருடையது, இன்ன குலம், இதற்கு முன் எத்தனை வீட்டில் வாழ்ந்தது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர். முன்பக்கத்தை அவர் பார்க்க மாட்டார். முன்பக்கம் என்பது ஊருக்காக வைத்துக்கொள்வது என்பார்.

கிரவுன் என்றதும் ராஜ வம்சமோ என்று நினைக்க வேண்டாம். வண்டியின் பின் அச்சுக்கு, அதாவது ஆக்ஸிலுக்கு, நடுவில் ஒரு பானை தொங்குமே, அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு ஒர்க்‌ஷாப் பாஷையில் கிரவுன் என்று பெயர். அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். இரண்டும் ஜோடியாகப் பிறந்து ஜோடியாகத்தான் சாகும். ஒன்றை மாற்றி இன்னொன்றை வைத்தால் குடும்பம் நடக்காது. எந்த ஜோடி உள்ளே இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. அங்கேதான் ஆசான் வருவார்.

நேமத்தில் மெயின் ரோட்டை ஒட்டி அவருடைய ஷெட். பாறசாலைப் பக்கத்துத் தமிழர். பேச்சில் பாதி மலையாளம், மீதியில் பாதி கிரீஸ். முறை எளிமையானது. பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குவார். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, இன்ஜினிலிருந்து பின்னால் வரும் நீளத் தண்டில் ஒரு கோடு. வண்டிக்காரர் தன் கையாலேயே சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஆசான் அடியில் மல்லாந்து படுத்துத் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணுவார். நாலும் சொச்சமும் வரும், அல்லது ஐந்தும் சொச்சமும் வரும். அந்தச் சொச்சத்தில்தான் ஜாதகமே இருக்கிறது.

எண்ணும்போது சத்தம் கூடாது. ஒருமுறை அவர் அடியில் கிடக்கும்போது ஒரு கட்சியின் ஜாதா மைக்கும் கோஷமுமாக வந்துவிட்டது. ஆசான் வெளியே வந்தார், நடுரோட்டில் நின்றார், கையைத் தூக்கி, "ரண்டு நிமிஷம் மௌனம் வேணும்" என்றார். அவர் முகத்தில் இருந்த துக்கத்தைப் பார்த்துவிட்டு ஜாதா அப்படியே நின்றது. கொடிகள் தாழ்ந்தன. கூடவே வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். ஆசான் திரும்பி வந்து படுத்து எண்ணி முடித்துவிட்டு, "மதி, போதும், போகலாம்" என்று கையசைத்தார். தலைவர் மட்டும் தயங்கி நின்று, "ஆரா மரிச்சது?" என்று கேட்டார். ஆசான் சொன்னார், "ஒரு பினியன்."

கோர்ட்டுக்கும் போயிருக்கிறார். வெள்ளறடைப் பக்கம் ஒரு டாக்டரின் ஜீப் திருடுபோய், பெயின்ட் மாறி, நம்பர் மாறி, ஸீட்டு மாறி, ஒரு ரப்பர் வியாபாரியிடம் அகப்பட்டது. இன்ஸ்பெக்டர் அதை ஆசானிடம் கொண்டுவந்தார். ஆசான் அடியில் புகுந்து வெளியே வந்து, "இது டாக்டர் சாரோட பின்பக்கமாக்கும். எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். போலீஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டது. விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "சாட்சி டாக்டரின் பின்பக்கத்தை எத்தனை வருஷமாக அறிவார்?" என்று கேட்டு அரைமணி நேரம் விளையாடினார். பிறகு ஜட்ஜே கேட்டாராம், வண்டியை முன்னால் பார்த்து அடையாளம் சொல்ல முடியாதா என்று. "முகத்த எவனும் மாத்தலாம் ஏமானே" என்றார் ஆசான். கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை என்கிறார்கள்.

இப்படிப்பட்டவரிடம் நான் போய்ச் சேர்ந்தது என்னுடைய ஜீப்பால். ஐம்பத்திரண்டு வயதில் ஆண்களுக்கு வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மாத்திரை உண்டு. ஜீப் வாங்குவதற்கு இல்லை. மலைகளைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். பொன்முடிக்குப் பனியில் ஜீப் ஓட்டிப் போவதாக நினைத்துப் பார்த்ததில், ஓட்டுகிறவன் என்னைவிட ஒல்லியாக இருந்தான். நெடுமங்காட்டில் ஒரு பழைய ஜீப்பைப் பார்த்தேன், பச்சை நிறம் பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன்.

கரமனை அக்ரஹாரத்தில் அதை நிறுத்தியபோது என் மனைவி மைதிலி வாசலுக்கு வந்து நெடுநேரம் பார்த்தாள். "இதுக்குப் பேசாம ஒரு யானைய வாங்கிண்டு வந்திருக்கலாம். ஆத்துல கட்ட முடியலேன்னா கோவிலுக்காவது குடுத்திருக்கலாம்."

மூன்றாம் நாள் குடப்பனக்குன்னு ஏற்றத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கிரைண்டரில் கரண்டி விழுந்த சத்தம். அதற்குப் பிறகு இன்ஜின் ஓடியது, ஜீப் ஓடவில்லை.

சாலை பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தன்னால் முடிந்த தமிழில் கேட்டார், "எந்த ஆக்ஸில் சாரே?"

"பின்னாடி இருக்கிற ஆக்ஸில்."

"பின்னாடி இருக்கும், அது அறியும். அதோட தறவாடு ஏது?"

தறவாடு என்றால் பூர்வீகக் குடும்பம். எனக்குத் தெரிந்த தறவாடெல்லாம் நாயர் வீடுகள்தான். புத்தகத்தில் பார்த்து ஒரு ஜோடி கிரவுனும் பினியனும் வாங்கிப் போனேன். பொருந்தவில்லை. வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: பாடி ஒரு வண்டியுடையது, இன்ஜின் இன்னொன்றினுடையது, முன் அச்சு ஒரு ஜாதி, பின் அச்சு எந்த மதம் என்றே தெரியவில்லை. நான் வாங்கியிருந்தது ஜீப் இல்லை, சமபந்தி போஜனம். "இதுக்கு நேமத்து ஆசான்தான்" என்று சொல்லி லாரியில் கட்டி இழுத்து அனுப்பினார்கள்.

ஆசானுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. குள்ளமான ஆள். என்னைப் பார்க்காமல் ஜீப்பின் பின்னால் போய்க் குந்தினார். "சாரே, நான் சொல்லும்போ ரண்டு சுத்து. பையச் சுத்தணும். பிள்ளைய குளிப்பாட்டுற மாதிரி."

அடியில் போனார். வெளியே தெரிந்தது அவருடைய இரண்டு பாதங்கள்தான். வேலை செய்யும்போது அவர் கட்டைவிரல்கள் தாளம் போட்டபடி இருக்கும். நான் சக்கரத்தைச் சுற்றினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணு. ரண்டு. மூணு." அப்புறம் வரவில்லை. பாதங்கள் நின்றுவிட்டன. குனிந்து பார்த்தேன். அவருடைய கை அச்சின் இடதுபக்கக் குழாயில் ஓரிடத்தில் இருந்தது. அங்கே பழைய வெல்டிங் ஒன்று, சிலுவை வடிவத்தில் புடைத்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்தார். கைகளைப் பஞ்சில் துடைத்தார். துடைத்து முடித்த கையை மறுபடி துடைத்தார்.

"எனக்குத் தெரியல, சாரே."

"என்ன ஆசானே?"

"இது எதுன்னு எனக்கு அறியாது. வேற ஆளப் பாருங்க."

எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஓடாத வண்டியை எப்படி எடுத்துக்கொண்டு போவது? மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, வேறொரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்குள் ஒரு கீழ்த்தரமான சந்தோஷம் வந்தது. உலகத்தில் எந்தப் பின்பக்கத்தையும் அறிந்தவரை என் ஜீப் தோற்கடித்துவிட்டதே. அன்றே வீட்டுக்கு வந்து எழுதினேன். 'கிரவுன் சாய்ந்தது' என்று தலைப்பு. ஜாதா, கோர்ட்டு எல்லாம் போட்டு, கடைசியில் ஆசான் என் ஜீப்பின் முன் மண்டியிட்டதாக முடித்தேன். அந்தச் சிலுவை வெல்டிங்கையும் விடவில்லை. அதைக் கண்டதும் அவர் பேயைக் கண்டவர்போல ஓடினார் என்று ஒரு வரி எழுதி, நானே ரசித்தேன்.

மைதிலி பத்திரிகையில் படித்துவிட்டுச் சொன்னாள், "சிரிப்பு வரது. ஆனா அவர் ஏன் தெரியலேன்னு சொன்னார்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"தெரியலைன்னா தெரியலைதானே?"

"உங்களுக்குத் தெரியாததெல்லாம் நீங்க தெரியலேன்னு சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்னாரேன்னு கேட்டேன்."

அந்தச் சனிக்கிழமை காலையில் ஷெட்டுக்குப் போனேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் தையல் டேப்பு. கையில் சுருட்டிப் பிடித்த பத்திரிகை. ஆசான் கண்ணில் படவில்லை. ஒரு லாரிக்கடியில் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"இத எழுதினது நீங்களா சாரே?"

வாசகி என்று நினைத்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். "ஆமாம்மா. பிடிச்சிருந்துதா?"

அவர் பத்திரிகையை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்தச் சிலுவ நெசமா?"

"நிஜந்தான்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

பக்கத்தில் கிடந்த டயரில் மெதுவாக உட்கார்ந்தார். லாரியைப் பார்த்து, "அத்தான், வெளிய வாங்க" என்றார். கணவனின் அண்ணனை அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வேல கெடக்குது, பிள்ளே."

"நீங்க வெளிய வரலேன்னா நான் உள்ள வருவேன்."

ஆசான் வெளியே வந்தார். அவரை அதற்கு முன் நான் முழு உயரத்தில் பார்த்ததில்லை என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த அரைமணியில் அவர்கள் பேசியதிலிருந்தும், பேசாமல் விட்டதைப் பக்கத்து டீக்கடைக்காரர் பின்னால் சொன்னதிலிருந்தும் நான் தெரிந்துகொண்டது இது. அந்தப் பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. ஆசானின் தம்பி சாமுவேலின் மனைவி. சாமுவேல், கல்லாறிலிருந்து பொன்முடி எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஜீப் ஓட்டியவர். பஸ் குறைவான ரோடு. அரிசி மூட்டையும் ஆட்களுமாக ஏற்றிக்கொண்டு போவார். நல்ல சீசனில் ஒருநாள் பின் அச்சு போய்விட்டது. தம்பிக்கு அவசரம். ஆசான் பழைய இரும்புக்கடையில் கிடந்த ஒன்றை எடுத்து, எதனுடையது என்று பார்க்காமல், எண்ணாமல் மாட்டிக் கொடுத்தார். குழாயில் ஒரு விரிசல் இருந்தது. அதை ஒட்டும்போது தம்பி, "வெறுங்கோடாப் போடாத அண்ணே, சிலுவையாப் போடு. வளைவுல தைரியமா இருக்கும்" என்றாராம்.

இரண்டாவது மாதம், கல்லாறுக்கு மேலே ஒரு வளைவில் ஜீப் தனியாக உருண்டது. சாமுவேல் பிழைக்கவில்லை. இடது பின் சக்கரம் கழன்று தூரத்தில் கிடந்தது. அச்சுக்குள்ளிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் உடைந்தால்தான் சக்கரம் அப்படிக் கழன்று போகும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதைவிட மெதுவான குரலில் இன்னொன்றும் சொன்னார்கள். சாமுவேல் குடிப்பவர். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று போதகர் முன்னால் இனித் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவர். வாக்குத் தவறியிருப்பான் என்றார்கள்.

மூன்றாம் நாள் ஜெபத்தில் ஸ்டெல்லா எழுந்து, "அவரு குடிக்கல. வண்டிதான் சதிச்சுது" என்றார். வீடு நிறைய ஆட்கள். ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஆசான் எழுந்து, "உள்ளதுதான். நான் எண்ணிப் பாக்காம மாட்டின ஆக்ஸில். என் கைப்பிழ" என்றார். முணுமுணுப்பு நின்றது. போலீஸ் நிறுத்தி வைத்திருந்த ஜீப்பைப் போய்த் திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அது ஏலத்தில் போய், பிரிந்து, துண்டுதுண்டாக ஊரெல்லாம் கலந்துவிட்டது.

அன்று முதல் பதினோரு வருஷம் அவர் தம்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பக்கத்துத் தெருதான். ஸ்டெல்லா மத்தியானச் சோறு தூக்குவாளியில் அனுப்புவார். அவர் ஏதாவதொரு வண்டிக்கடியில் வைத்துத் தின்றுவிட்டுக் கழுவி அனுப்புவார். அன்று முதல்தான் கையில் கிடைக்கிற ஆக்ஸிலையெல்லாம் எண்ண ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் எல்லாரையும் போல ஒரு மெக்கானிக்காகத்தான் இருந்தாராம். கிரவுன் என்ற பட்டமே அதற்குப் பிறகு நாங்கள் வைத்ததுதான். ஜாதாவை நிறுத்தியதையும் கோர்ட்டில் பேசியதையும் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் அச்சிலும் ஏற்றிவிட்டேன்.

"தெறந்து பாருங்க அத்தான்" என்றார் ஸ்டெல்லா.

"வேண்டாம் பிள்ளே. என்னத்துக்கு?"

"எனக்குப் பாக்கணும்."

ஆசான் தார்ப்பாயை இழுத்தார். ஜாக்கி போட்டார், இடது சக்கரத்தைக் கழற்றினார், டிரம்மைத் தட்டி எடுத்தார். நான் எண்ணெய் சிந்தாமலிருக்க ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தேன். தான் மாட்டும் ஷாஃப்டின் உள்முனையில் அரத்தால் மூன்று சின்ன வெட்டுப் போடுவது ஆசானின் வழக்கம். அந்த வெட்டு இருந்தால் அது அவர் மாட்டிய ஷாஃப்ட்; உடையவில்லை. இல்லையென்றால் அவருடையது உடைந்து யாரோ வேறு மாற்றியிருக்கிறார்கள். இதையும் அவரே, திருகாணியைப் பார்த்துக்கொண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டார். பதில் என்ன வந்தாலும் தப்பிக்க வழி வைத்துக்கொள்ளாமல் சொன்னார்.

ஷாஃப்ட் வெளியே வந்தது. இரண்டரையடி இரும்பு. அதன் உள்முனையை வெளிச்சத்தில் பிடித்தார். நான் அவருடைய முழங்கைக்குக் கீழே இருந்தேன். மூன்று வெட்டும் தெளிவாகத் தெரிந்தன.

எனக்குச் சட்டென்று சந்தோஷம். பதினோரு வருஷம் சுமந்தது இறங்கிவிட்டதே. வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் ஆசானின் கட்டைவிரல் நகர்ந்து அந்த வெட்டுகளின் மேல் உட்கார்ந்தது.

"இது என் ஷாஃப்ட் இல்ல" என்றார். "எவனோ மாத்தியிருக்கான். அப்போ நம்மளது ஒடஞ்சிருக்கு. அன்னைக்கிச் சொன்னதுதான் பிள்ளே. வண்டிதான் சதிச்சுது. என் கைப்பிழ."

நான் வாயை மூடினேன். என் வாழ்க்கையில் சரியான நேரத்தில் அதை மூடியது அந்த ஒரு தடவைதான் என்று மைதிலி சொல்வாள், நான் மறுத்ததில்லை. ஷாஃப்ட் உடையாத சக்கரம், ஜீப் உருண்ட பிறகு அடிபட்டுத்தான் கழன்றிருக்கும். வண்டி சதிக்கவில்லை என்றால் சதித்தது எது என்ற கேள்வி வரும். அது ஸ்டெல்லாவிடம் போகும், சபைக்குப் போகும், அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு வளர்ந்த மகளிடம் போகும். அதைத் தன் கட்டைவிரலால் அடைத்துவிட்டார்.

ஸ்டெல்லா ஷாஃப்டைப் பார்த்தார். ஆசானின் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"செரி. பாத்தாச்சுல்லா" என்றார். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "இன்னைக்கி மீன் கறி வச்சிருக்கேன். வீட்டுக்கு வந்து தின்னுங்க. இனி தூக்குவாளி அனுப்ப மாட்டேன்."

அவர் போனதும் ஆசான் கொஞ்ச நேரம் ஷாஃப்டோடு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு பானையின் மூடியைக் கழற்றி, உடைந்த பற்களையும் சேர்த்து எண்ணினார். இரண்டு தரம் எண்ணினார். "சாரே, கிரவுன் முப்பத்தொம்பது, பினியன் எட்டு. சாலை பஜாருல போயி முப்பத்தொம்பதுக்கு எட்டுன்னு கேளுங்க. தருவான்." மண்ணெண்ணெயில் கை கழுவினார், சோப்புப் போட்டுக் கழுவினார், ஒரு துவைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனார். குற்றவாளியாகத்தான் போனார். ஆனால் சாப்பிடப் போனார்.

ஜீப் ஓடியது. பொன்முடிக்குப் போகலாம் என்று நானே கேட்டேன், அவரும் வந்தார். கல்லாறு தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும், "நிறுத்துங்க. பின்னால ஒரு சத்தம்" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஓரமாக நிறுத்தினேன். ஒரு சாக்கை விரித்து ஜீப்புக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பாதங்கள் அசையவில்லை. சுற்றுலா வந்த கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. "எந்து பற்றி, என்ன ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார். பிரேக் டவுன் என்றேன். கால்மணி நேரம் இருக்கும். அழுவதற்கு அவருக்கு வேறு இடம் பழக்கமில்லை. நான் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படித்ததில் பள்ளத்தாக்குகள் நிறைய வந்திருந்தன. எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை.

வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல, போகலாம்" என்றார். முகத்தில் கிரீஸ் கோடுகோடாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நான் ஸ்டெல்லா வீட்டுக்குப் போவேன். ஆசான் அங்கே சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எனக்கு மட்டும் தனியாக ரசமும் அப்பளமும். நர்சிங் படிக்கும் மகள் விடுமுறையில் வந்தால் பெரியப்பாவின் பிரஷரைப் பார்த்துத் திட்டுவாள். அந்த மூன்று வெட்டுகளைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை, மைதிலியைத் தவிர. எழுதவும் இல்லை. வாரா வாரம் பத்தி எழுதுகிறவனுக்கு அது பச்சைத் தண்ணீரும் தொடாத நிர்ஜல ஏகாதசி.

போன ஆடியில், கர்க்கடக மழையில், ஆசான் போய்விட்டார். நெஞ்சுவலி. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியவில்லை. லாரிக்காரர்கள், எஸ்டேட் ஆட்கள், அந்த வெள்ளறடை டாக்டர். பக்கத்தில் நின்றவரிடம் நீங்கள் யார் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆசான் என்னை நாப்பத்தேழுக்குப் பதினொண்ணுன்னுதான் விளிக்கும்" என்றார். அவருக்கு அடுத்தவர் நாற்பத்தொன்றுக்குப் பத்து. ஜோடி எண்களாகவே நாங்கள் நின்றோம். பெட்டியைத் தூக்க ஆள் கேட்டபோது நாற்பத்து மூன்றுக்கு எட்டுகள் மட்டும் ஏழு பேர் முன்னால் வந்தார்கள்.

முப்பதாம் நாள் ஜெபம் கழிந்து நான் ஸ்டெல்லாவின் தையல் கடைக்குப் போனேன். அவர் பலகையில் துணியை விரித்துக் கத்தரித்துக்கொண்டிருந்தார். இனி அவருக்கு உண்மை தெரிய வேண்டும், குற்றம் இல்லாதவரைக் குற்றவாளியாகவே வழியனுப்பக் கூடாது என்று எனக்குள் ஒரு பெரிய பிரசங்கம் தயாராக இருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தேன்.

"ஸ்டெல்லாம்மா, அன்னைக்கு அந்த ஷாஃப்ட்டுல..."

"மூணு வெட்டு இருந்துச்சு" என்றார், கத்தரிப்பதை நிறுத்தாமல்.

நான் நுனியிலிருந்து நாற்காலியின் உள்பக்கம் நகர்ந்தேன்.

"அத்தானுக்கு விரல் சின்னது சாரே. ரண்டுதான் மறஞ்சுது."

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே..."

"வீட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு எனக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியும். மூஞ்சியத் தொடச்சது நான்லா. வாசன தெரியாதா." கத்தரி ஒரு வளைவில் மெதுவாகத் திரும்பியது. "ஆக்ஸிலும் ஒடஞ்சிருக்கும்னு நெனச்சேன். ரண்டும் சேந்துதான் போச்சுன்னு. அத்தான் ஒத்தைக்கிச் சொமக்கிறாரேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடும். சொன்னா பிள்ளைக்கு அப்பன் இல்லாமப் போயிருவான். சொல்லல."

"பின்னே, வெட்டைப் பார்த்ததும் அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பொய் சொல்லுதாரு, எனக்காவ. அத நான் வாங்காம இருந்தா அவருக்கு என்ன இருக்கு? சோறு திங்கக் கூப்பிட்டேன். வந்தாரு. அது மதி."

வெளியே பஸ் ஒன்று போனது. அவர் துணியை மடித்தார். நான் ஏதோ சொல்ல வேண்டும் என்று, அத்தனை வருஷமும் நான் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை என்பதைத் தெரியப்படுத்தினேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

ஸ்டெல்லா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குத் தெரியும்னு அத்தானுக்கும் தெரியும் சாரே. நாங்க ரண்டு பேரும் அதப் பத்திப் பேசினதில்ல. நீங்கதான் வாற ஞாயித்துக்கெழமையெல்லாம், சூடான கெழங்க வாயில போட்டுட்டுத் துப்பவும் முடியாம முழுங்கவும் முடியாம இருக்கிற ஒரு மூஞ்சியோட உக்காந்திருப்பீங்க. நீங்க வாசலத் தாண்டினதும் அத்தான் அந்த மூஞ்சிய அப்படியே செஞ்சு காட்டுவாரு." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "உங்க எழுத்துக்கு நாங்க ஒருநாளும் சிரிச்சதில்ல. அதுக்குச் சிரிச்சிருக்கோம்."